புதுப்பிப்பு: பிள்ளைகளுக்கான காரமில்லாத கோழித் துண்டுகளும் வேர்க்கடலை சாஸும்

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு எலும்பும் காரமும் இல்லாத கோழி இரவுணவை விரைவாகச் செய்வது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தது சுவையாக இருந்தாலும் எண்ணெயை அதிகம் இழுத்தது. பலன் தந்தது காட்பாடி அன்பர் சொன்ன தோசைக்கல் முறையே: அரை கிலோ நெஞ்சுக்கறியை விரல் தடிமனுக்கு நீளத் துண்டுகளாக்கி, கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, சிறிது மிளகுத்தூள், உப்பு சேர்த்துப் பிசறி, கால் மணி நேரம் ஊறியபின் 2 மேசைக்கரண்டி சோள மாவு தூவி, காய்ந்த கல்லில் இடைவெளி விட்டுப் பரப்பி, பக்கத்துக்கு 4 நிமிடம் வேகவிட வேண்டும். நெருக்கி அடுக்கினால் நீர் விட்டுக்கொண்டு, மேற்புறம் சிவக்காது. தடிமனான துண்டைப் பிளந்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வெப்பமானி வைத்திருப்போர் 74 டிகிரி செல்சியஸ் பார்க்கலாம்.

எதிர்பாராதது சாஸில் நடந்தது. கடைத் தக்காளி சாஸுக்குப் பதிலாக, நம் வட ஆற்காட்டு வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, தயிர், வெல்லம், எலுமிச்சைச் சாற்றுடன் அரைத்து வைத்தேன். பிள்ளைகள் அதையே மீண்டும் கேட்டு வாங்கினார்கள். வைக்க வைக்க இறுகுவதால், பரிமாறும் முன் வெதுவெதுப்பான நீர் விட்டுத் தளர்த்துங்கள். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்குப் புதினாத் தயிர் போதும்.