செட்டிநாட்டுப் பக்கம் ராத்திரி நாடகம் பார்த்த அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கோட்டையூர்க்காரன்:

பழைய சாமான் என்றாலே காரைக்குடியில் எல்லோரும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் கை காட்டுவார்கள். எனாமல் தூக்குச் சட்டி, ரவிவர்மா படம், குழாய் வைத்த கிராமபோன் எல்லாம் அங்கே கிடைக்கும். நானும் அந்தத் தெருவில் காசைக் கரைத்தவன்தான். ஆனால் பழைய காலத்தின் மேல் பித்துப் பிடித்து ஊரிலிருந்து கிளம்பி வருகிற நண்பர்களிடம் இப்போதெல்லாம் ஒன்று சொல்கிறேன்: பகலில் கடைகளைப் பாருங்கள், ராத்திரி தூங்கப் போகாதீர்கள். பக்கத்தில் எங்காவது ஸ்பெஷல் நாடகம், அதாவது ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற மேடை நாடகம், நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

மாசி பிறந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள். டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் இருக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். வரிசையாகத் தலைகள், ஒவ்வொரு தலைக்கும் கீழே ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (சிம்பல் போன்ற தாள ஓசைகள் கொடுப்பவர்) என்று போட்டிருப்பார்கள். பெயருக்கு முன்னால் இருக்கிற பட்டங்களைப் படிப்பதே தனிப் பொழுதுபோக்கு.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம், இது ஒரே குழு சேர்ந்து நடத்துகிற கம்பெனி நாடகம் இல்லை. ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஒருவர் மதுரையிலிருந்து, ஆர்மோனியக்காரர் காரைக்குடிக்காரராக இருப்பார். தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் 'அண்ணே, தர்க்கம் எவ்வளவு நேரம் வச்சுக்கலாம்?' என்று கேட்டுக்கொள்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் வண்டி ஓடுகிறது. அவர் 1922-இல் காலமானார். நூறு வருஷம் தாண்டியும் அவருடைய சரக்கை வைத்து இத்தனை குடும்பங்கள் சாப்பிடுகின்றன.

கண்டனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் போன பங்குனியில் பார்த்ததைச் சொல்கிறேன். ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது. 'காயாத கானகத்தே' என்று எடுத்துவிட்டார், மேலே போகவேண்டிய இடத்தில் குரல் எட்டவில்லை. நான் ஆர்மோனியப் பெட்டி இருந்த பக்கமாகவே உட்கார்ந்திருந்தேன். பின்பாட்டுப் பாடுகிற அந்த மனிதர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. காலால் பெடலை மிதித்துக்கொண்டே, ராஜபார்ட் வாயைத் திறந்த அதே நொடியில் அந்தச் சங்கதியைத் தான் வாங்கிப் பாடி, அடுத்த அடி தொடங்கும் இடத்தில் அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பந்தலில் பாதிப் பேருக்கு யார் பாடினார்கள் என்றே தெரிந்திருக்காது. மிருதங்கக்காரர் மட்டும் ஆர்மோனியக்காரரைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

அதைப் போனில் பிடிக்கலாம் என்று கையைத் தூக்கினேன். பின்னாலிருந்து ஓர் அப்பத்தா, 'ஏப்பா, போனை இறக்கு, வள்ளியை மறைக்குது' என்றார். இறக்கிவிட்டேன்.

தேவகோட்டை ரஸ்தா:

கோட்டையூர் அண்ணன் சொன்ன அந்தப் பாட்டின் பழைய இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது, அந்தக் கால நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா குரலில். 78 சுற்றுத் தட்டு. முள் வைத்ததும் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரிதான் முதலில் சத்தம் வரும், அப்புறம் அந்தக் குரல். கிட்டப்பா 1933-இல் போய்விட்டார், முப்பது வயதுகூட ஆகவில்லை. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் வேலனும் வள்ளியுமாக நின்ற மேடையை நம்மால் பார்க்க முடியாது. ஆனால் அதே பாட்டை இன்றைக்கும் ஒருவர் பவுடர் வியர்வையில் வழிய வழிய, உயிரைக் கொடுத்துப் பாடுகிறார், நாம் மண்ணில் உட்கார்ந்து கேட்கிறோம். தட்டு சேர்க்கிற எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

எங்கள் ஊர்ப் பெருமையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். ஏ.வி.எம். ஸ்டூடியோவை நிறுவிய ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். 1945-இல் அவர் எடுத்த 'ஸ்ரீவள்ளி' இந்த நாடகக் கதைதான், டி.ஆர். மகாலிங்கம் அதில் இதே பாட்டைப் பாடினார். பிறகு எங்கள் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். அதுவும் மேடையில் நடந்த நாடகத்திலிருந்து வந்ததே. அந்தக் காலத்தில் சினிமா நாடகத்திடம் கை நீட்டியது. இப்போது பபூனும் டான்ஸும் வருகிற காட்சியில் பாருங்கள், எழுபதுகளின் சினிமா மெட்டுகள் வரிசையாக வரும், அதுவும் ஆர்மோனியத்தில். வாங்கிய கடனை வட்டியோடு வசூல் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஆல்ரவுண்ட் ஆள் ஒவ்வொரு சிரிப்புக்கும் சிம்பலில் ஒரு தட்டு தட்டுவார், அதற்கே தனியாக டிக்கெட் போடலாம்.

பள்ளத்தூர் ஆச்சி பேத்தி:

அண்ணன்கள் இரண்டு பேரும் ரொம்ப இனிப்பாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் நாடகம் பிடிக்கும், ஆனால் அந்த பபூன்-டான்ஸ் பகுதியைப் பற்றி நான் வேறு மாதிரி சொல்வேன். பாதி ஜோக் இரட்டை அர்த்தம், பாதி அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றியது. 'பழைய கலை' என்று சொல்லி அதையும் சேர்த்துக் கும்பிட என்னால் முடியாது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பபூன் வந்ததும் பாயில் சாய்ந்து தூங்கிவிடுவார். வள்ளி பரண் மேல் ஏறி ஆலோலம் பாட ஆரம்பித்தால் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் விடிந்து கல்யாணம் முடிகிற வரைக்கும் அசையமாட்டார். கல்யாணம் பார்க்காமல் பாதியில் எழுந்து போவது நல்லதில்லையாம்.

நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்கிற இடம்தான் எனக்கு உயிர். நல்ல ஸ்திரீபார்ட் அமைந்துவிட்டால் நாரதர் பாடு திண்டாட்டம். ஒரு தடவை நாரதர் கந்தபுராணத்திலிருந்து ஏதோ பெரிதாக எடுத்துவிட, அந்த அம்மா நிதானமாக, 'சாமி, அறிவுரை அப்புறம் இருக்கட்டும், என் தினைப்புனத்துக்குள்ளே யாரைக் கேட்டு வந்தீங்க?' என்றார். பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை. உடனே மைக்கில் நூறு ரூபாய் அன்பளிப்பு அறிவிப்பு. அதுவும் கதைக்கு நடுவிலேயே. முருகனே வந்து நின்றாலும் அன்பளிப்பை வாசித்துவிட்டுத்தான் மறு பேச்சு.

மறுநாள் காலையில் புதுவயலில் பஸ்ஸுக்கு நின்றபோது அதே அம்மாவைப் பார்த்தேன். சாதாரண நைலக்ஸ் புடவை, கையில் ஒரு பெரிய பை. காதோரம் மட்டும் ரோஸ் பவுடர் கழுவாமல் இருந்தது. 'ராத்திரி நல்லாப் பேசினீங்கம்மா' என்றேன். 'இன்னைக்குப் பொன்னமராவதிப் பக்கம் நாடகம், பஸ்ஸிலதான் தூங்கணும்' என்று சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். சம்பளம், தூக்கம், ஊர் வாய் என்று எல்லாவற்றையும் சமாளித்துக்கொண்டு மேடையில் அப்படிப் பேச எவ்வளவு தெம்பு வேண்டும்!

கானாடுகாத்தான் மைக் செட்:

எங்கள் அப்பா காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர் இன்னும் வேலை செய்கிறது. கல்யாண வீட்டுக்கு ரேடியோ செட் கட்டினால் முதல் தட்டு சீர்காழி பாடிய பிள்ளையார் பாட்டு, அதை யாரும் மாற்றமுடியாது. கூம்புக் குழாய்க்குத் தடை வந்தபிறகு திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டிதான் கட்டுகிறோம். குழாய்கள் வீட்டு மாடியில் கிடக்கின்றன. பழைய தட்டு கேட்கிற ஆசை உள்ளவர்கள் வீட்டுக்கு வாங்க, சத்தத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டுகிறேன். விற்பனைக்கு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாடகத்துக்கு மைக் கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு விஷயம். பழைய நடிகர்கள் மேலே தொங்குகிற மைக்குக்குக் கீழே வந்து நின்று பாடுவார்கள், முகம் ஜனங்களைப் பார்த்து இருக்கும். இப்போது சிலர் சட்டையில் குத்துகிற மைக் கேட்கிறார்கள். நடமாட வசதிதான். ஆனால் மூச்சு வாங்குகிற சத்தமெல்லாம் கேட்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:

மைக் செட் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வரலாமா? கிட்டப்பா தட்டைக் கொண்டுவருகிறேன், உங்கள் வால்வு செட்டில் கேட்கணும்.

நாடகம் ஒத்துவராதவர்களுக்கு இன்னொன்று. பங்குனியில் காரைக்குடி கம்பன் விழாவுக்குப் போங்கள். சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து வருகிற வழக்கம். பட்டிமன்றத்தை டி.வி.யில் மட்டும் பார்த்தவர்கள் இங்கே நேரில் கேட்டால் வித்தியாசம் புரியும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள்.

கோட்டையூர்க்காரன்:

பேத்தி சொன்னது நியாயம், பபூன் விஷயத்தில் மறுப்பு இல்லை. நல்ல பபூன்களும் இருக்கிறார்கள், விலைவாசியையும் பஞ்சாயத்தையும் பிடித்து வாங்குவார்கள். அப்படி ஒருவர் வருகிற நோட்டீஸ் கண்ணில் பட்டால் இங்கே படம் போடுகிறேன். வருகிறவர்கள் பாய் கொண்டுவாருங்கள், முன்வரிசை நாற்காலி ஊர்ப் பெரியவர்களுக்கு. பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும். சென்னைக்காரர்கள் வள்ளி கல்யாணம் முடிந்த கையோடு பல்லவன் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நாரதர் பேச ஆரம்பித்தால் ரயில் போய்விடும்.