ஜப்பானியத்தில் வானளாவி: மத்தென்ரோவா, பிருவா?

கேள்வி: வானளாவிக்கு அகராதி 'மத்தென்ரோ' என்கிறது. டோக்கியோவில் பேசும்போதும் இதையே சொல்லலாமா?

பதில் 1: புரியும், ஆனால் பேச்சில் ஒட்டாது. 'ம' உரசுவது, 'தென்' வானம், 'ரோ' மாடமாளிகை. நியூயார்க்கை வர்ணிக்கும் எழுத்துநடைக்கு அருமையான சொல். பேச்சில் 'கோஸோ பிரு' (உயரமான கட்டடம்) போதும்.

பதில் 2: மிக உயரமானவை 'சோகோஸோ பிரு'. 60 மீட்டரைத் தாண்டினால் கட்டமைப்புக்கு அமைச்சர் ஒப்புதல் வேண்டும் என்கிறது கட்டடச் சட்டம். நடைமுறையில் அதுவே எல்லைக்கோடு. டோக்கியோவில் 1968-ல் முடிந்த 36 மாடி கசுமிகசெகி பிருதான் இவற்றுக்கு முன்னோடி. அடுக்குமாடிக் குடியிருப்புக் கோபுரம் என்றால் 'தவமன்'.

பதில் 3: வெறும் 'பிரு' உயரத்தைக் குறிக்காது, நாலு மாடி கான்கிரீட் கட்டடமும் பிருதான். 'பி' குறில், கவனம்! "அந்த பீரு எங்கே?" என்று நீட்டினால் பீரைக் கேட்டதாகிவிடும்.