ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வந்துவிடுமா?

ராகிக்களி:
நேற்று ஒரு மலையேற்றக் காணொளி பார்த்தேன். "காட்டில் வழி தவறினால் பயப்படாதீர்கள், ஓடையைப் பிடித்துக் கீழே இறங்குங்கள், ஊர் வந்துவிடும்" என்கிறார் ஒருவர், சிரித்துக்கொண்டே. எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஓடைக்கு ஊர் தெரியுமா? பள்ளம்தான் தெரியும். காவிரியே ஒகேனக்கல்லில் குதித்துத்தான் இறங்குகிறது, மலை ஓடை மட்டும் படிக்கட்டு வைத்தா இறங்கும்? வழி தவறியது தெரிந்ததும் நில்லுங்கள், உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், கடைசியாக அடையாளம் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்புங்கள்.

பிக்கிலி மலையான்:
காணொளியில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் தாத்தா 40 வருஷம் தருமபுரிப் பக்கம் பிக்கிலி மலையில் ஆடு மேய்த்தவர். டயர் செருப்பு, தூக்குச்சட்டி, கொடுவாள், அவ்வளவுதான். ஓடையைப் பிடித்துத்தான் இறங்குவார். ஒரு நாளும் வழி தவறியதில்லை.

ராகிக்களி:
வழியே தவறாதவரிடமா வழி தவறினால் என்ன செய்வது என்று கேட்பது?

பிக்கிலி மலையான்:
இந்த வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஓடை கீழே போகுமா, மேலே போகுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அஞ்செட்டிப் பையன்:
கீழேதான் போகும் அண்ணா. எங்கள் பக்கம் தொட்டஹள்ளாவைப் பிடித்து இறங்கிப் பாருங்கள், போய்ச் சேருவது காவிரியில். சாயங்காலமானால் யானைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்குவதும் அதே ஓடையில்தான். தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் கிளை ஒடிவதுகூடக் காதில் விழாது. இரண்டு பக்கமும் செங்குத்துக் கரை, எதிரே யானை, எங்கே ஓடுவீர்கள்? ராகி அறுப்பு சமயத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து வேறு கூட்டம் கூட்டமாக வருகின்றன.

பிக்கிலி மலையான்:
தம்பி, 2004 பிப்ரவரியில் தருமபுரியை விட்டுப் பிரிந்து கிருஷ்ணகிரி என்று தனி மாவட்டம் வாங்கிக்கொண்டு போனவர்கள் எங்கள் மலையைப் பற்றிப் பேச வேண்டாம். அது என்ன தொட்டஹள்ளா? பெரிய ஓடை என்று சொன்னால் வாய் வலிக்குமா?

அஞ்செட்டிப் பையன்:
நீங்களும் 1965 வரை சேலம் ஜில்லாதான் அண்ணா. ஊர்ப் பெயரை மாற்றினால் யானை வழி விடாது.

சமஉயரக்கோடு:
முதலில் எதை ஓடை என்கிறீர்கள்? மழைக்கு மட்டும் ஓடுவதா, வருஷம் முழுக்க ஓடுவதா?

பிக்கிலி மலையான்:
இங்கே தமிழ் வகுப்பு நடக்கவில்லை சார். ஓடை என்றால் ஓடை. கீழே போகும்.

சமஉயரக்கோடு:
சரி, விடுங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் சமஉயரக்கோடுகள் இருக்கும், கோட்டுக்குக் கோடு உயர வித்தியாசம் பொதுவாக 20 மீட்டர். 15 மீட்டர் பாறைச் சரிவு இரண்டு கோட்டுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். ஐந்து மாடி உயரம் அது, வரைபடத்தில் தெரியவே தெரியாது. ஓடைகள் அந்த மாதிரி இடத்தைத்தான் தேடிப் போகும். இன்னொன்று, போனில் ஜி.பி.எஸ். வேலை செய்ய டவர் வேண்டாம், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்தால் போதும். நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 1892இல் ஸ்காட்லாந்துக்காரர் நைஸ்மித் சொன்ன கணக்குப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. நம் வெயிலுக்கு அதற்கும் மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

பிக்கிலி மலையான்:
ஸ்காட்லாந்துக்காரர் பிக்கிலிக்கு எந்த பஸ்ஸில் வந்தார்?

கம்பைநல்லூரான்:
சிரிக்கலாம், நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். வத்தல்மலைச் சரிவில் இரண்டு பேர் இறங்கினோம், ஐப்பசி மாதம். ஒற்றையடிப்பாதை உண்ணிச்செடிப் புதரில் முடிந்துவிட்டது. ஓடையைப் பிடித்தோம். முதல் பாறையில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினோம், ஆள் உயரம்தான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எட்டிப் பார்த்தால் கீழே ஆலமரத்தின் உச்சி தெரிகிறது. திரும்பி ஏறலாம் என்றால் சறுக்கிய பாறை பாசி பிடித்து வழுவழு என்று இருக்கிறது, கை வைக்க ஒரு பிளவு இல்லை. இறங்கும்போது ஈரம் உதவி, ஏறும்போது அதுவே எமன். வேட்டியை முறுக்கி ஒரு வேரில் கட்டி ஏறினோம். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

பிக்கிலி மலையான்:
உங்களுக்கு இறங்கத் தெரியவில்லை, ஓடை என்ன செய்யும்? அந்த வத்தல்மலைத் தண்ணீர்தானே சனத்குமார நதியாகித் தருமபுரிக்கு வருகிறது? ஊர் வந்ததா இல்லையா?

ராகிக்களி:
தண்ணீர் வந்தது. அது பாறையில் விழுந்தாலும் எழுந்து நடக்கும். நாம்?

கம்பைநல்லூரான்:
அந்த நதியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? சாக்கடையைத்தான் நதி என்கிறீர்கள்.

பிக்கிலி மலையான்:
சாக்கடை ஆக்கியது நானா? நகரத்துக்காரர்களைக் கேளுங்கள்.

அஞ்செட்டிப் பையன்:
காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லையே. 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே விதிகள் போட்டிருக்கிறார்கள். வழிகாட்டியோடு போனால் இந்த ஓடைக் கேள்வியே வராது.

பிக்கிலி மலையான்:
என் தாத்தா யாரிடம் அனுமதி வாங்கினார்?

அஞ்செட்டிப் பையன்:
மறுபடியும் தாத்தாவா!

பிக்கிலி மலையான்:
தாத்தாவை இழுத்தால் மரியாதை கெட்டுவிடும். போன வருஷம் தீர்த்தமலை விவாதத்திலும் இதே வேலைதான் செய்தாய், நான் மறக்கவில்லை.

சமஉயரக்கோடு:
புதியவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால்: ஒரு விசில் வாங்கி வையுங்கள். நிமிஷத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிக்கிலி மலையான்:
விசில் ஊதினால் யானை வராதா? அதற்குப் பதில் இல்லை. நான் கேட்ட கேள்வியும் அப்படியே கிடக்கிறது. ஓடை கீழே போகுமா, மேலே போகுமா?

ராகிக்களி:
கீழேதான் ஐயா. அதுதான் எங்கள் பயமே.

பிக்கிலி மலையான்:
ஒத்துக்கொண்டீர்கள் அல்லவா, அது போதும். மாடு கறக்க நேரமாகிவிட்டது, மிச்சத்தை ராத்திரி வந்து சொல்கிறேன்.