கடிகார வானொலியின் டாக்கில் ஐபாட் பாடுகிறது, ஆனால் சார்ஜ் ஏறுவதில்லை

வைகறை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். படுக்கையருகே வைத்துக்கொள்ளும் கடிகார வானொலி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் மேற்புறத்தில் ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடைச் செருகுவதற்கான 30 பின் டாக் (முப்பது தொடுமுனைகள் கொண்ட செருகுமேடை) உண்டு. முன்பு வைத்திருந்த ஐபாட் பழுதாகிவிட்டதால், இப்போது நான்காம் தலைமுறை ஐபாட் நானோவை அதில் பயன்படுத்துகிறேன். பாட்டு தெளிவாகக் கேட்கிறது. வானொலியின் பொத்தான்களைக் கொண்டே அடுத்த பாட்டுக்கு மாற்றவும் முடிகிறது. ஆனால் இரவு முழுவதும் டாக்கிலேயே இருந்தும் நானோவின் பேட்டரி குறைந்துகொண்டே போகிறது. சில நாட்களில் அலாரம் அடிக்கும் நேரத்துக்குள் அது முற்றிலும் தீர்ந்துவிடுவதால், நான் தேர்ந்தெடுத்து வைத்த பாட்டுக்குப் பதிலாகக் காதைத் துளைக்கும் பீப் ஒலிதான் என்னை எழுப்புகிறது. பழைய ஐபாடுக்கு இதே டாக்கில் ஒரு குறையுமின்றி சார்ஜ் ஏறியது. பழுது டாக்கில் இருக்கிறதா, நானோவில் இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டறிவது? மெல்லிய இசையோடு கண்விழிப்பதற்காகவே இந்தக் கருவியை வைத்திருக்கிறேன் என்பதால், இதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

மின்கம்பி எழுதியது:

வணக்கம், வைகறை. பாட்டும் கேட்கிறது, பொத்தான்களும் வேலை செய்கின்றன, சார்ஜ் மட்டும் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் இரண்டில் எதுவுமே பழுதாகியிருக்காது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத காலத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான். 30 பின் இணைப்பான் 2003-இல் மூன்றாம் தலைமுறை ஐபாடுடன் வந்தது. அதில் மின்சாரம் உள்ளே செல்ல இரண்டு வழிகள் இருந்தன: ஃபயர்வயருக்கான (யுஎஸ்பி போன்ற ஒரு பழைய கணினி இணைப்பு முறை) பின்கள் வழியாக 12 வோல்ட், யுஎஸ்பிக்கான பின்கள் வழியாக 5 வோல்ட். தொடக்க காலத்து டாக்குகளில் பல 12 வோல்ட்டை மட்டுமே கொடுத்தன. 2008-இல் வெளிவந்த நான்காம் தலைமுறை நானோ, இரண்டாம் தலைமுறை ஐபாட் டச், ஐபோன் 3ஜி ஆகியவற்றில் ஃபயர்வயர் வழியாக சார்ஜ் ஏற்றும் வசதியை ஆப்பிள் நீக்கிவிட்டது. ஒலியும் கட்டளைகளும் வேறு பின்கள் வழியாகச் செல்வதால், அவற்றுக்கு எந்தத் தடையும் ஏற்படுவதில்லை.

இதை உறுதிசெய்வது எளிது. நானோவை ஒரு யுஎஸ்பி சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஏறினால் நானோவில் குறை இல்லை. பிறகு அதை டாக்கில் வைத்து, திரையின் மேல் மூலையில் உள்ள பேட்டரிக் குறியில் மின்னல் சின்னம் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். அதற்கு முன் நானோவின் ரப்பர் உறையைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் உறையோடு செருகும்போது இணைப்பான் முழுவதுமாக இறங்காமல் நின்றுவிடும். வானொலியின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டார்ச் ஒளியில் டாக்கின் முனையையும் பாருங்கள். மெல்லிய தொடுமுனைகளுக்கு இடையே பஞ்சு போலத் தூசி படிந்திருந்தால், உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். ஆனால் தூசிதான் காரணம் என்றால் பெரும்பாலும் பாட்டும் அவ்வப்போது கரகரத்திருக்கும். நீங்கள் அப்படி எதையும் சொல்லவில்லை.

12 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றித் தரும் சிறு இடைச்செருகிகள் இந்தச் சிக்கலுக்காகவே விற்பனைக்கு வந்தன. டாக்குக்கும் ஐபாடுக்கும் நடுவே அதைச் செருக வேண்டும். அதனால் ஐபாட் சற்று உயரத்தில் நிற்கும்; பின்பக்கம் சாய்ந்துகொள்ள இடம் இருக்காது. இருட்டில் கை தவறுதலாகப் பட்டால் இணைப்பான் வளைந்துவிடக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

பண்பலைநேயர் எழுதியது:

மின்கம்பி கூறிய காரணத்தை ஏற்கிறேன். ஆனால் இடைச்செருகியைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. நானோவைப் பகலில் யுஎஸ்பி சார்ஜரில் ஏற்றிவிட்டு, இரவில் டாக்கில் வையுங்கள். பாட்டுக் கேட்டபடி உறங்கும் வழக்கம் இருந்தால், வானொலியில் உள்ள ஸ்லீப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். குறித்த நேரத்தில் அது பாட்டை நிறுத்திவிடும். இரவு முழுவதும் பாடாத ஐபாடுக்குக் காலை வரை பேட்டரி தாராளமாகத் தாங்கும். டாக்கை விட்டுவிட்டு, வெளிக்கருவியின் ஒலியை வாங்கும் ஆக்ஸ் துளையில் கம்பி மூலம் இணைக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். பாட்டுக் கேட்க அது போதும், அலாரத்துக்குப் போதாது. குறித்த நேரத்தில் 'பாடு' என்ற கட்டளையை வானொலி அனுப்புவது டாக்கின் பின்கள் வழியாகத்தான். ஆக்ஸ் கம்பியில் ஒலி மட்டுமே வரும், கட்டளை போகாது. அந்த முறையில் ஐபாடின் சொந்த அலாரத்தில் ஒரு பாட்டுப் பட்டியலைத் தேர்ந்தெடுத்து, வானொலியை இரவு முழுவதும் ஆக்ஸ் நிலையில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும். ஒலியளவையும் ஐபாடிலேயே முக்கால் பங்குக்குக் கூட்டி வைக்க வேண்டும்.

பீப் ஒலியைக் குறையாகக் கருதாதீர்கள். ஐபாட் பதில் தராதபோது உங்களைத் தூங்கவிடாமல் காப்பது அதுதான். அதோடு, வானொலியின் அடியில் உள்ள காப்பு பேட்டரியையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். பல கருவிகளில் அது மின்தடையின்போது நேரத்தையும் அலாரக் குறிப்பையும் நினைவில் வைத்திருக்குமே தவிர, அலாரத்தை ஒலிக்கச் செய்யாது.

வைகறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. யுஎஸ்பி சார்ஜரில் போட்டவுடன் மின்னல் சின்னம் வந்துவிட்டது. டாக்கில் வைத்தால் வரவே இல்லை. ஆகவே 12 வோல்ட்தான் காரணம் என்று தெளிவாகிவிட்டது. இப்போதைக்குப் பகலில் சார்ஜ் ஏற்றும் வழியையே பின்பற்றப் போகிறேன். இன்னும் ஓர் ஐயம்: லைட்னிங் துளை (30 பின்னுக்குப் பிறகு வந்த சிறிய இணைப்பான்) கொண்ட என் ஐபோனையும் இந்த டாக்கில் வைத்துக் கேட்க இயலுமா?

மின்கம்பி எழுதியது:

பாட்டுக் கேட்கப் பெரும்பாலும் இயலும். 2012-இல் லைட்னிங் வந்தபோதே, 30 பின்னை அதற்கு மாற்றும் அடாப்டரையும் ஆப்பிள் வெளியிட்டது. லைட்னிங் வழியாக வரும் டிஜிட்டல் ஒலியைப் பழைய டாக்குகள் ஏற்கும் அனலாக் ஒலியாக மாற்றும் சிறு சுற்று அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் சார்ஜ் விஷயத்தில் நானோவுக்கு நேர்ந்ததே ஐபோனுக்கும் நேரும், ஏனெனில் அதற்கும் 5 வோல்ட்தான் வேண்டும். மேலும் நானோவுக்காக அமைந்த டாக்கில், அடாப்டரின் மேல் ஒரு கனமான போன் நிற்கும்போது, முழுப் பாரமும் அந்தச் சிறிய இணைப்பானின் மேல் விழும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐபோனில் உள்ள பாட்டுகளை இந்த வானொலியில் கேட்க வேண்டுமென்றால், ஆக்ஸ் துளையில் செருகும் புளூடூத் ஏற்பி நல்ல வழி. 30 பின் டாக்கிலேயே செருகும் ஏற்பிகளும் உண்டு. அவை டாக்கிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், 12 வோல்ட் மட்டும் தரும் டாக்கில் இயங்குமா என்பதை விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்குங்கள்.