விண்ணப்பத்தில் கேட்டபடியே கொடுக்காவிட்டால் தள்ளிவிடுவார்களா?

அம்பத்தூர்வாசி:
பி.காம் முடித்த தங்கைக்கு வேலை தேடுகிறோம். கிண்டியில் ஒரு கம்பெனி, மெயிலின் சப்ஜெக்ட் வரியில் பதவிக் குறியீடும் பெயரும் மட்டும் போட்டு, ரெஸ்யூமை பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்கிறது. எதிர்பார்க்கும் சம்பளத்தையும் சேரக்கூடிய தேதியையும் மெயிலிலேயே எழுத வேண்டுமாம். வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் கிளார்க் தேர்வு ஃபார்மும் போடப் போகிறாள். எதில் கறாராக இருக்க வேண்டும், எதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்?

பெருங்குடி ஹெச்ஆர்:
எதிலும் முன்னே பின்னே வேண்டாம் சார். குறியீடு கேட்கும் கம்பெனிகள் பெரும்பாலும் அதை வைத்துத்தான் மெயில்பாக்ஸில் ஃபில்டர் போட்டிருக்கும். "ஏசி-04" என்பதை "அக்கவுண்ட்ஸ் வேலைக்கு" என்று மாற்றி எழுதினால், மெயில் அந்த ஃபோல்டருக்குள் விழாது. தேர்வு செய்பவர் திறப்பது அந்த ஃபோல்டரை மட்டும்தான். விளம்பரத்திலிருந்தே காப்பி செய்து ஒட்டிவிடுங்கள்.

ரெஸ்யூமை வேர்டிலிருந்து நேராக பிடிஎஃப்பாக சேவ் செய்யுங்கள். பிரின்ட் எடுத்து போனில் ஸ்கேன் செய்தால் அது வெறும் படம். ரெஸ்யூமை வடிகட்டும் சாஃப்ட்வேர் பலவற்றுக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஃபைலைத் திறந்து உங்கள் தங்கையின் பெயரை செலக்ட் செய்து பாருங்கள். செலக்ட் ஆகவில்லை என்றால் மறுபடி செய்ய வேண்டியதுதான். கூகுள் டிரைவ் லிங்க் வேண்டவே வேண்டாம். பர்மிஷன் கேட்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

சம்பளத்துக்கு "நெகோஷியபிள்" என்று எழுதுவது பதிலே இல்லை. பட்ஜெட்டுக்குள் வருமா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். மாதத்துக்கா வருடத்துக்கா என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஆவடி பிரவுசிங் சென்டர்:
ஐபிபிஎஸ்ஸில் சொதப்புவது பெரும்பாலும் அப்லோடில்தான். போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20, இடது கட்டைவிரல் ரேகை 20 முதல் 50, உறுதிமொழி 50 முதல் 100 கேபி.

கையெழுத்து வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் இருக்க வேண்டும். ஆங்கில கேபிட்டல் எழுத்தில் போட்டால் ஏற்க மாட்டார்கள். ஏ4 தாள் முழுவதையும் போட்டோ எடுத்து அப்படியே ஏற்றாதீர்கள், 20 கேபிக்குச் சுருக்கும்போது கையெழுத்து புள்ளியாகிவிடும். முதலில் கையெழுத்தை ஒட்டி கிராப் செய்யுங்கள், பிறகு சைஸைக் குறையுங்கள். தேர்வு ஹாலிலும் இதே கையெழுத்தைத்தான் போட வேண்டும், அதனால் புதிதாக ஸ்டைல் பண்ண வேண்டாம்.

உறுதிமொழியைத் தங்கைதான் தன் கையால் எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில், கேபிட்டல் இல்லாமல். உங்கள் எழுத்து அழகாக இருக்கிறதே என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் விண்ணப்பமே செல்லாது.

பெயரை மார்க் ஷீட்டில் உள்ளபடி டைப் செய்யுங்கள். நம் ஊரில் இனிஷியல்தான் தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயரே முழுதாக இருக்கும். சரிபார்ப்பில் இது பிரச்சினையாகும். ஃபார்ம் போடுவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுவது நல்லது.

அம்பத்தூர்வாசி:
நன்றி சார். டிஎன்பிஎஸ்சிக்கு 150 ரூபாய் கட்டி ஒருமுறைப் பதிவு செய்துவிட்டாள். குரூப் 4-க்கு அது போதும்தானே?

ஆவடி பிரவுசிங் சென்டர்:
போதாது சார்! அது 5 வருடம் செல்லும் பதிவு மட்டும்தான். ஒவ்வொரு அறிவிப்புக்கும் உள்ளே போய்த் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதி முடிந்த பிறகுதான் பலருக்கு இது தெரிய வருகிறது.

சைதாப்பேட்டை கோச்சிங்:
இன்னொன்று. டிஎன்பிஎஸ்சி ஃபார்மின் கட்டணச் சலுகைக் கட்டத்தில் யோசிக்காமல் "ஆம்" போடாதீர்கள். பிசி, எம்பிசி பிரிவினருக்கு 3 இலவச வாய்ப்புதான். அது தீர்ந்த பிறகும் கேட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். தங்கைக்குத் திருமணமாகியிருந்தால் சாதிச் சான்றிதழ் கணவர் பெயரில் இருந்தால் செல்லாது, அப்பா பெயரில்தான் இருக்க வேண்டும்.