மறுமொழி: எலுமிச்சைத் திராமிசுவும் அதன் தோலும் – 'மணத்தோல்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் இருந்து எழுத நேரம் கிடைத்தது, அதனால் கொஞ்சம் நீளும். பேச்சு எலுமிச்சைத் திராமிசு என்ற இத்தாலிய அடுக்கு இனிப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று தொடங்கி அந்தப் பெயரிலேயே நிற்கிறது. எனக்கு அது பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. குசினியில் ஆளைத் தடுக்கி விழுத்துகிற இடம் வேறு: எலுமிச்சைத் தோலின் மணக்கிற மேற்படைக்குத் தமிழில் தனிச்சொல் இல்லாதது.

> எலுமிச்சை அடுக்கினிப்பு என்றால் கேட்டவுடனே விளங்கும். திராமிசு என்றால் யாருக்கு விளங்கும்?

அண்ணா, அடுக்கினிப்பு நல்ல சொல், அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வோம். ஆனால் இத்தாலியில் அடுக்கிச் செய்கிற இனிப்பு ஒன்றிரண்டு இல்லை. த்சுப்பா இங்கிலேசே அடுக்குத்தான், மில்லெஃபோல்யெ அடுக்குத்தான். திராமிசு அவற்றில் ஒன்றின் பெயர். "என்னை மேலே தூக்கிவிடு" என்று பொருள். திரெவீசோ நகரத்தில் லெ பெக்கெரியே என்ற உணவகத்தின் பட்டியலில் 1972இல் ஏறியது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. 2017இல் இத்தாலிய அரசு அதை ஃபிரியூலி-வெனேத்சியா ஜூலியா மாநிலத்தின் மரபு உணவுப் பட்டியலில் சேர்த்தபோது பக்கத்து வெனேத்தோ மாநிலத் தலைவரே எதிர்த்துக் குரல் கொடுத்தார். இரண்டு மாநிலம் உரிமை கோரிச் சண்டை பிடிக்கிற பெயரை நாங்கள் ஏன் மாற்ற வேண்டும்? தொதலை வாங்கியபோது பெயரையும் சேர்த்துத்தான் வாங்கினோம், விசுக்கோத்தும் அப்படித்தான், இரண்டும் இன்று எங்கள் சொற்களாகிவிட்டன. ஒன்று மட்டும்: 'டிராமிசு' என்று எழுதாதீர்கள். அது ஆங்கிலம் சுற்றி வந்த ஒலி. இத்தாலியரின் நா பல்லைத் தொடுகிறது, எங்கள் 'தி' அப்படியே பொருந்தும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

நான் சிசிலியின் பலெர்மோவில் இருக்கிறேன், பத்தொன்பது வருடம். போன வருடம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் தங்கை தன் மகளின் பிறந்தநாளுக்கு எலுமிச்சைத் திராமிசு செய்ய வேண்டும், செய்முறையைத் தமிழில் எழுதி அனுப்பு என்றாள். எழுதி அனுப்பினேன். "மூன்று எலுமிச்சையின் தோலைத் துருவிச் சேர்க்கவும்" என்பது அதில் ஒரு வரி. அவள் கொழும்பிலிருந்து மஸ்கர்போனே என்ற பாலேட்டுப் பாலாடைக்கட்டியை எடுப்பித்து, அவ்வளவு காசு செலவழித்து, ஒரு நாள் முழுக்க மினக்கெட்டுச் செய்தாள். வாயில் வைக்க முடியாத கசப்பு. பிள்ளைகள் ஒரு கரண்டியோடு வைத்துவிட்டார்கள். தொலைபேசியில் அவள் என்னைக் குறை சொல்லவில்லை, தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்றாள், அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. அவள் கையில் ஒரு பிழையும் இல்லை. நான் எழுதிய சொல் பிழை.

'தோல்' என்றால் தோல் முழுக்க. அவள் தேசிக்காயைத் தேங்காய் துருவுகிற மாதிரி அழுத்தித் துருவியிருக்கிறாள், வெள்ளை எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. இங்கே செய்முறைகளில் 'ஸ்கோர்ட்சா' (தோல்) என்று எழுதி, பக்கத்திலேயே "மஞ்சள் பகுதி மட்டும்" என்று சேர்த்துவிடுவார்கள். கேட்கிறவருக்கும் சிறு வயதிலிருந்து அது தெரியும். எங்களுக்கு அந்தப் பகுதிக்குத் தனிச்சொல் இல்லை, தேவையும் வந்ததில்லை. நாங்கள் தேசிக்காயைப் பிழிவோம், ஊறுகாய் போட்டால் தோலோடு முழுசாக உப்பில் போடுவோம், உப்பு அந்தக் கசப்பை மெல்ல மெல்லச் சாப்பிட்டுவிடும். தோலை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற சமையல் எங்களிடம் இருந்ததில்லை.

பழமே வேறு என்பது அடுத்தது. சிசிலியின் லிமோனே, அதாவது இங்கத்தைய எலுமிச்சை, பெரியது, தடித்த தோல், எண்ணெய் நிறைந்தது. எங்கள் தேசிக்காய், தமிழ்நாட்டில் எலுமிச்சம்பழம் என்பது, சிறியது, மெல்லிய தோல், புளிப்பு கூட. தாவரவியலிலும் இரண்டும் வேறு இனம். ஆகையால் செய்முறையில் "எலுமிச்சை" என்று வெறுமனே எழுதினாலே வாசிக்கிறவர் கைக்குச் சின்னப் பழம்தான் போகும். நான் இப்போது 'பெரிய எலுமிச்சை' என்று எழுதுகிறேன். இதற்கும் யாராவது நல்ல சொல் தந்தால் சந்தோசம், ஆனால் தோல்தான் அவசரம்.

ஏன் அவசரம் என்றால், எலுமிச்சைத் திராமிசுவின் சுவை சாற்றில் இல்லை. சாறு தண்ணீரும் சித்திரிக் அமிலமும். புளிப்பைத் தரும், அவ்வளவுதான். எலுமிச்சை என்று மூக்குக்குச் சொல்கிற லிமோனீனும் சித்ராலும் தோலின் மேற்படையில் இருக்கிற சின்னச் சின்ன எண்ணெய்ப் பைகளில் இருக்கின்றன. தோலை மடித்துப் பிழிந்தால் கண்ணில் தெறிக்குமே, அதுதான். அந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், மதுசாரத்தில் கரையும். அதனால்தான் லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை மதுவைப் போடுகிறவர்கள் தோலைச் சீவிக் கடுமையான மதுசாரத்தில் ஊறப்போடுகிறார்கள். அதனால்தான் திராமிசுவில் மஸ்கர்போனே அந்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, பாலேட்டின் கொழுப்பால் ஆனது அல்லவா. அந்த மேற்படைக்குக் கீழே இருக்கிற பஞ்சு போன்ற வெள்ளையில் மணம் இல்லை, கசப்பு உண்டு. ஒரே தோலில் வேண்டியதும் வேண்டாததும் ஒட்டிக்கொண்டு இருக்கிறபோது இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் எப்படிச் சமைப்பது?

> உயிரியலில் மேல்தோல் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. அதையே பயன்படுத்தலாம்.

ஐயா, அதனால்தான் தயக்கம். உயிரியலில் அது வேறு ஒன்றுக்குப் போய்விட்டது. சமையலில் 'மேல்தோலை எடு' என்றால் உரித்து எறி என்றுதான் கை போகும், உள்ளே இன்னொரு தோல் இருக்கிறது என்ற நினைப்பு வராது.

'மஞ்சள்தோல்' என்று வேறொருவர் சொல்லியிருந்தார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் சிசிலியின் சிராகூசாப் பக்கம் ஒரே மரம் வருடத்தில் மூன்று தடவை காய்க்கும், மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள்: குளிர்காலத்தில் வருவது பிரிமோஃபியோரே, முதற்பூ, வசந்தத்தில் பியாங்கெத்தோ, வெளிறியது, கோடையில் வருவது வெர்தெல்லோ, பச்சை. ஆடி ஆவணியில் நான் சந்தையில் வாங்குகிற எலுமிச்சையின் தோல் பச்சையாகத்தான் இருக்கிறது, மணம் அள்ளிக்கொண்டு போகும். பச்சையான தோலைப் பார்த்துக்கொண்டு மஞ்சள்தோல் என்று எப்படி எழுதுவது? தோடம்பழத்துக்கும் இதே சொல் வேண்டும், அது செம்மஞ்சள். நிறத்தைப் பிடித்தால் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு சொல் தேட வேண்டி வரும்.

நிறம் மாறினாலும் மாறாதது மணம். ஆகவே என் முன்மொழிவு: மணத்தோல். அதன் கீழே இருப்பது வெண்தோல்.

மணம், தோல் இரண்டும் பிள்ளைக்கும் தெரிந்த சொல். மணத்தக்காளி என்று ஏற்கெனவே சொல்லிப் பழகிய வாய்க்கு மணத்தோல் புதிதாகவே இருக்காது. தோடம்பழத்துக்கும் நார்த்தங்காய்க்கும் பொருந்தும். முக்கியமாக, சொல்லைக் கேட்டவுடனே எதை எடுக்க வேண்டும் என்பது தெரிகிறது: மணக்கிறதை எடு, வெள்ளையில் நிறுத்து. வெண்தோலை இலக்கணப்படி வெண்டோல் என்று எழுத வேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும். வெண்தாமரை என்றும்தான் எழுதுகிறோம், பிரித்தால் சட்டென்று விளங்குகிறது, அப்படியே இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

எடுக்கிற வினைக்கும் ஒரு வார்த்தை. துருவு என்றால் தங்கைக்கு நடந்ததுதான் நடக்கும், தேங்காய்த் துருவலையின் அழுத்தம் கைக்கு வந்துவிடும். மெல்லிய அரம் மாதிரியான துருவியில் ஒரே இடத்தில் ஒரு தடவைக்கு மேல் படாமல் பழத்தைத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு உரசு என்பது சரியாக இருக்கும். லிமோன்செல்லோவுக்குக் கத்தியால் நாடாவாக எடுப்பது சீவல், இது உரசல்.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று என் செய்முறையையே திருத்தி எழுதிப் பார்த்தேன், ஆறு பேருக்கு. மூன்று பெரிய எலுமிச்சையின் மணத்தோலை 100 கிராம் சீனியின் மேலேயே உரசி, விரலால் நன்றாகக் கசக்கு. சீனி ஈரமாகி மணக்கத் தொடங்கும், எண்ணெய் இறங்கிவிட்டது என்று பொருள். (இங்கே பழம் வாங்கும்போது 'தோல் உண்ணத்தக்கதல்ல' என்று எழுதியிருந்தால் வாங்கக் கூடாது, அது மெழுகும் பூஞ்சைமருந்தும் பூசியது. கழுவினால் போகும் என்று நம்பாதீர்கள்.) அந்தச் சீனியோடு நான்கு மஞ்சட்கருவும் இரண்டு மேசைக்கரண்டி சாறும் சேர்த்து, கொதிநீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து, ஆவியில் தடிக்கும் வரை அடி. திரெவீசோவின் பழைய முறையில் மஞ்சட்கருவைப் பச்சையாகத்தான் சேர்ப்பார்கள். பிள்ளைகள் சாப்பிடுவதால் நான் சூடாக்காமல் விடுவதில்லை. நன்றாக ஆறிய பிறகு 500 கிராம் மஸ்கர்போனே. சூட்டோடு சேர்த்தால் உருகும், மிஞ்சி அடித்தால் வெண்ணெய் திரளும். கடைசியில் 200 மில்லி லீற்றர் பாலேட்டை நுரைக்க அடித்துச் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் 'மடித்துக் கலக்கவும்' என்று பலர் எழுதுகிறார்கள், எனக்கு அது ஒட்டவில்லை. துணியைத்தான் மடிப்போம். புளிச்சாதம் கலக்கும்போது சோறு உடையாமல் அடியிலிருந்து அள்ளிப் புரட்டு என்று அம்மா சொல்லுவார், செய்கிற வேலை அச்சொட்டாக அதுவேதான், காற்று வெளியே போகாமல் அள்ளிப் புரட்டுவது. அந்தச் சொல் வீட்டிலேயே இருந்தது.

அதே மாதிரி சவோயார்தி விசுக்கோத்து. (சவோயா அரச குடும்பத்தின் பெயரால் வந்தது, ஆங்கில 'லேடிஃபிங்கர்' வழியாகப் போனால் அது பெண்விரலாகி, கடைசியில் சிலருடைய செய்முறையில் வெண்டைக்காயாகவே வந்து நிற்கிறது. தயவுசெய்து சவோயார்தி என்றே எழுதுவோம்.) அதைச் சாற்றுப் பாகில் ஊறவைப்பதில்லை, தோய்த்து எடுப்பது. 250 மில்லி தண்ணீர், 100 கிராம் சீனி காய்ச்சி ஆறவிட்டு, 100 மில்லி சாறு சேர்த்தால் பாகு தயார், பெரியவர்களுக்கு மட்டும் என்றால் கொஞ்சம் லிமோன்செல்லோ. தேத்தண்ணியில் றஸ்க்கைத் தோய்க்கிற வேகம்தான், ஒன்று, இரண்டு, எடு. பிறகு ஒரு வரிசை விசுக்கோத்து, மஸ்கர்போனேக் கலவையில் ஒரு பூச்சு, மறுபடி வரிசை, மறுபடி பூச்சு. இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில். மேலே தூவுவதற்கு இன்னும் கொஞ்சம் மணத்தோலைச் சாப்பிடப் போகும்போதுதான் உரச வேண்டும், முதலே தூவினால் காய்ந்து மணம் போய்விடும்.

கசப்புக்கு என்ன மாற்று என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். கூடின கசப்பைச் சீனி மூடாது. வெண்தோல் விழுந்துவிட்டால் விழுந்ததுதான்.

மணத்தோலுக்கு மறுப்பு இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், குறிப்பாகத் தமிழ்நாட்டில் நார்த்தங்காய், கிடாரங்காய் ஊறுகாய் போடுகிற வீடுகளில் இந்தப் படைக்கு ஏற்கெனவே ஒரு வழக்குச்சொல் இருந்தால் என் சொல்லை உடனே விட்டுவிடுகிறேன். பேச்சில் இருக்கிற சொல்லுக்கு முன் நான் உண்டாக்கியது நிற்கத் தேவையில்லை.

இப்போதைக்குத் தங்கைக்கு அந்த ஒரு வரியை மாற்றி அனுப்பியிருக்கிறேன்: "மூன்று பெரிய எலுமிச்சையின் மணத்தோலைச் சீனியில் உரசவும், வெண்தோல் தெரிந்தவுடன் நிறுத்தவும்." வேறு விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. சனிக்கிழமை செய்கிறாளாம், என்ன சொல்கிறாள் என்று இதே இழையில் எழுதுகிறேன்.