12 மணி நேரம் என்று வாங்கிய லேப்டாப் நாலு மணி நேரம்கூட நிற்கவில்லை. பேட்டரி பழுதா?

குலசேகரம் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வளைகுடாவில் இருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மூன்று மாதம் முன்பு புது லேப்டாப் வாங்கினேன். 12 மணி நேரம் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன். இங்கே பராமரிப்புக்கு என்று காலையில் கரண்டை எடுத்தால் மதியம் தாண்டித்தான் வரும். ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தால் எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. போன சனிக்கிழமை 9 மணிக்கு முழு சார்ஜோடு உட்கார்ந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு அணைந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பையனுக்குப் பாதிக் கணக்கில் வகுப்பு நின்றுபோனது. பேட்டரியில் கோளாறா?

தக்கலைத் தம்பி:
அக்கா, புதுசிலேயே இப்படி என்றால் பேட்டரி போச்சு. வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் சர்வீஸ்:
அவசரப்பட வேண்டாம் டீச்சர். விண்டோஸ்தானே? கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளை தட்டும் கருப்புத் திரையைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட் என்று தட்டுங்கள். ஒரு அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதுசில் பேட்டரி கொள்ள வேண்டிய அளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது கொள்ளும் அளவு) என்று இரண்டு எண் இருக்கும், அதைச் சொல்லுங்கள். வகுப்பு எடுக்கும்போது திரை வெளிச்சம் எவ்வளவு வைப்பீர்கள்?

குலசேகரம் டீச்சர்:
முதல் எண் 50,000, இரண்டாவது 48,600 மில்லிவாட் அவர். திண்ணையில் உட்காருவதால் வெளிச்சம் முழுசா வைப்பேன். கேமரா எப்போதும் ஓடும். பின்னால் துணி காய்வது தெரியக்கூடாது என்று பின்னணியை மங்கலாக்கியிருப்பேன்.

மார்த்தாண்டம் சர்வீஸ்:
அப்படியென்றால் பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது. நீங்கள் கணக்கு டீச்சர், இதை நீங்களே போட்டுப் பாருங்கள். வாட் அவர் என்றால் வாட்டையும் மணி நேரத்தையும் பெருக்கின அளவு. 48.6 வாட் அவரை மூன்றே முக்கால் மணி நேரத்தால் வகுத்தால் 13 வாட். உங்கள் வகுப்பு இழுக்கும் மின்சாரம் அது. 50 வாட் அவர் 12 மணி நேரம் நிற்க வேண்டுமென்றால் 4.2 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. பெரும்பாலும் இந்த மாதிரி எண், லேப்டாப்பில் சேமித்த வீடியோவை வைஃபை இல்லாமல், 150 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கின வெளிச்சத்தில் ஓடவிட்டு எடுப்பது. வீடியோவை விரிக்க சிப்பிலேயே தனிப் பகுதி இருப்பதால் அந்த வேலைக்குச் செலவு ரொம்பக் குறைவு. வீடியோ வகுப்பு அப்படி இல்லை. கேமரா, மைக், வைஃபை எல்லாம் ஓடும். உங்கள் படத்தைச் சுருக்கி அனுப்பவும் வேண்டும், வருவதை விரிக்கவும் வேண்டும். பின்னணியை மங்கலாக்குவது இன்னொரு பெரிய சுமை, ஒவ்வொரு நொடியும் உங்கள் உருவத்தைப் பிரித்துக்கொண்டே இருக்கும்.

எந்த நிலையில் அளந்தது என்பதையும் அந்த 12 மணி நேரத்துக்குப் பக்கத்திலேயே அதே பெரிய எழுத்தில் போட வேண்டும். கடைக்கு வருகிற பாதிப் பேர் இதே மனவருத்தத்தோடுதான் வருகிறார்கள்.

முதலில் பின்னணி மங்கலை நிறுத்தி, பின்னால் ஒரு திரைச்சீலை கட்டுங்கள். திண்ணையை விட்டு உள்ளே உட்கார்ந்தால் பாதி வெளிச்சமே போதும். திரை 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பித்து ஓடினால் 60க்கு இறக்குங்கள். பேட்டரி சேவரையும் போட்டுவிடுங்கள்.

தக்கலைத் தம்பி:
மன்னிக்கணும் அக்கா, அளந்து பார்க்காமலே சொல்லிவிட்டேன். எப்போதும் சார்ஜரிலேயே போட்டு வைத்தால் பேட்டரிக்குக் கெடுதி என்கிறார்களே, சரியா அண்ணே?

மார்த்தாண்டம் சர்வீஸ்:
சரிதான். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். லேப்டாப்பில் 80 சதவீத வரம்பு இருந்தால் மற்ற நாளில் அதை வையுங்கள். கரண்ட் போகும் என்று அறிவித்திருந்தால் மட்டும் முந்தின ராத்திரி 100 வரை ஏற்றினால் போதும்.

நாகர்கோவில் மாமா:
மக்களே, அந்த லேப்டாப் டைப்-சி வழியா சார்ஜ் ஏறுமா? ஏறுமென்றால் 65 வாட் கொடுக்கும் 20,000 மில்லி ஆம்ப் அவர் பவர் பேங்க் ஒன்று வாங்கி வை. கணக்குப்படி 74 வாட் அவர், வழியில் கொஞ்சம் வீணாகும். ஆனாலும் இன்னொரு முறை முழுசா சார்ஜ் ஏற்றின மாதிரிதான். மோடத்தை மறந்துவிடாதே, கரண்ட் போனால் அதுவும் அணையும், அதுக்கு மினி யுபிஎஸ் தனியா வேணும்.

குலசேகரம் டீச்சர்:
இன்று சார்ஜரைக் கழற்றிவிட்டு நடு அறையில் உட்கார்ந்து சோதித்தேன். 60 ஹெர்ட்ஸ், பாதி வெளிச்சம், பின்னால் அம்மாவின் பழைய சேலை. 9 மணிக்கு ஆரம்பித்தது, இரண்டரை வரை ஓடியது. வகுத்தால் 9 வாட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் வருகிறது. எல்லாருக்கும் நன்றி. பாதியில் விட்ட கணக்கையும் அந்தப் பையனுக்கு முடித்துக் கொடுத்துவிட்டேன்.